உப்புக்காற்றில் நிலைக்கும் அலுவலகம் வேண்டும்

காரைக்கால் மீன்பிடித் துறைமுகத்தை நவீன ஒருங்கிணைந்த துறைமுகமாக மாற்ற மத்திய மீன்வளத் துறை 2024 செப்டம்பரில் ஒப்புதல் அளித்தது. டையூவின் வனக்பாரா, குஜராத்தின் ஜக்காவ் ஆகியவற்றையும் சேர்த்து மூன்று துறைமுகங்களுக்கு 369.80 கோடி ரூபாய். கிளிஞ்சல்மேடு, காரைக்கால்மேடு தொடங்கி இந்தக் கரையின் மீனவ ஊர்கள் எல்லாவற்றுக்கும் இது நெடுநாள் தேவை. ஆனால், ஒரு துறைமுகம் புதுப்பிக்கப்பட்டால் படகுத்துறையும் ஏலக்கூடமும் மட்டும் மாறுவதில்லை; அதை ஒட்டிய பகுதியே மாறுகிறது. துறைமுக நிர்வாகத்துக்கு ஓர் அலுவலகம், மீன்வளத் துறைக்கு ஒன்று, கூட்டுறவுச் சங்கத்துக்கும் ஏற்றுமதி வணிகர்களுக்கும் வங்கிக் கிளைக்கும் என்று அடுத்தடுத்துக் கட்டடங்கள் எழும். அவை எப்படிக் கட்டப்பட வேண்டும் என்ற பேச்சு அதிகம் கேட்கவில்லை. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

பேச்சு எழாவிட்டால் என்ன கட்டப்படும் என்பதை யூகிக்கக் கடினமில்லை. கடலைப் பார்த்த முகப்பில் கண்ணாடி, அதைச் சுற்றி அலுமினியத் தகடு, அறைக்கு ஒரு ஸ்பிளிட் ஏசி, மொட்டை மாடியில் பெயருக்குச் சில சூரியத் தகடுகள், வாசலில் ‘பசுமைக் கட்டடம்’ என்று ஒரு பலகை. இப்படி ஒரு கட்டடத்தைக் கிளிஞ்சல்மேட்டுக் கரையில் கட்டுவது பூமிக்கும் கேடு, வரிப்பணத்துக்கும் கேடு. குறைந்த கார்பன் அலுவலகம் என்றால் கருவிகளை அடுக்கிய அலுவலகம் என்ற எண்ணம் நம்மிடம் வேரூன்றிவிட்டது. கடற்கரையில் அதன் இலக்கணம் வேறு. இங்கே அது முதலில் நீண்ட நாள் நிற்க வேண்டும். அடுத்து, மின்சாரம் இல்லாமலே பாதி நாளாவது உள்ளே உட்கார முடிய வேண்டும். மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

கம்பிக்கு மேல் 45 மில்லிமீட்டர்

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நாகை, காரைக்கால் கரையோரம் நெடுகக் கான்கிரீட் வீடுகளும் கூடங்களும் எழுந்தன. அவற்றில் பலவற்றின் சன்ஷேடுகளை இன்று நிமிர்ந்து பாருங்கள். முதலில் கம்பி போகும் வழியிலேயே மயிரிழைபோல ஒரு விரிசல் ஓடும். அடுத்து அந்தக் கோட்டில் செம்பழுப்புக் கறை இறங்கும். இன்னும் ஒரு மழைக்காலம் போனால் அடிப்பூச்சு பாளமாகப் பெயர்ந்து விழும். உள்ளே தெரியும் கம்பியை விரலால் தேய்த்தால் ஏடு ஏடாக உரியும்.

காரணம் எளியது. இரும்பு துருவாக மாறும்போது அதன் பருமன் இரண்டு முதல் ஆறு மடங்கு வரை பெருக்கிறது. அந்த அழுத்தத்தைத் தாங்க முடியாமல் கான்கிரீட் வெடிக்கிறது. கடற்காற்றில் வரும் உப்பிலுள்ள குளோரைடு, கான்கிரீட்டின் நுண்துளைகள் வழியாகக் கம்பியை அடையும் நாளில் இந்தச் சேதம் தொடங்குகிறது. அந்த நாளைத் தள்ளிப்போடுவதுதான் கடலோரக் கட்டுமானத்தின் முழு வித்தையும். இந்தியத் தர நிர்ணய அமைப்பின் ஐஎஸ் 456 விதி இதைத் தெளிவாகவே சொல்கிறது. கடலோரச் சூழலில் கம்பிக்கு வெளியே 45 மில்லிமீட்டர் கான்கிரீட் மூடியிருக்க வேண்டும். கான்கிரீட் குறைந்தது எம்-30 தரத்தில் இருக்க வேண்டும். அலைத் தெறிப்பு படும் இடமானால் 50 மில்லிமீட்டர், எம்-35.

விதி இப்படி. வேலை நடக்கும் இடத்தில் நடப்பது வேறு. சென்ட்ரிங் பலகை மேல் கம்பி கட்டி முடித்ததும், அதைத் தூக்கி நிறுத்த அளவெடுத்து வார்த்த கவர் பிளாக் வைக்க வேண்டும். பல இடங்களில் அதற்குப் பதிலாகக் கையில் அகப்பட்ட கருங்கல் ஜல்லியைக் கம்பிக்கு அடியில் சொருகுகிறார்கள். 20 மில்லிமீட்டர் ஜல்லி தரும் இடைவெளி 20 மில்லிமீட்டர்தான். கான்கிரீட் கொட்டும்போது ஆள் மிதித்தால் அதுவும் நழுவிவிடும். கொட்டி முடித்த பிறகு யார் கண்ணுக்கும் தெரியாது. 15 ஆண்டு கழித்துத்தான் தெரியும். அப்போது ஒப்பந்ததாரரும் இருக்கமாட்டார், கையெழுத்திட்ட பொறியாளரும் இருக்கமாட்டார்.

தண்ணீரும் அப்படித்தான். கம்பி போட்ட கான்கிரீட்டுக்குக் கலக்கும் நீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. இந்தக் கரையில் போர் போட்டால் பெரும்பாலும் உவர்நீர்தான் வருகிறது. அந்த நீரிலேயே கலக்கி, அந்த நீரையே ஊற்றிப் பதப்படுத்தினால், கடற்காற்று வந்து சேரும்வரை கம்பி காத்திருக்க வேண்டியதே இல்லை. முதல் நாளே உப்பை நாமே உள்ளே வைத்து மூடிவிடுகிறோம்.

இதற்கும் கார்பனுக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். இதுதான் முதல் தொடர்பு. ஒரு டன் சாதாரண போர்ட்லேண்ட் சிமென்ட் தயாராகும்போது ஏறத்தாழ 800 முதல் 900 கிலோ கார்பன் டை ஆக்ஸைடு வெளியேறுகிறது. 50 கிலோ மூட்டை ஒன்றுக்கு 40 கிலோவுக்குக் குறையாது. இதில் பாதிக்கும் மேல் சூளையில் எரியும் நிலக்கரியால் வருவதன்று. சுண்ணாம்புக்கல் சுடுபடும்போது கல்லே விடும் வாயு அது. ஆகவே, சூளைக்கு எந்த எரிபொருளைப் போட்டாலும் அந்தப் பங்கு குறையாது. உலகின் மொத்தக் கார்பன் டை ஆக்ஸைடு உமிழ்வில் ஏழெட்டு சதவீதம் சிமென்டால் வருகிறது. கம்பியின் கணக்கு தனி.

மின்சாரத்தில் ஆகும் உமிழ்வு ஆண்டுக்காண்டு பரவி வருவது. நாளை மின்சாரம் சுத்தமானால் குறையவும் செய்யும். சிமென்டிலும் கம்பியிலும் ஆகும் உமிழ்வு கட்டடம் திறக்கும் முன்பே முழுவதும் வானில் கலந்துவிடுகிறது. 60 ஆண்டு நிற்க வேண்டிய கட்டடம் 20 ஆண்டில் இடிபட்டால், அதே உமிழ்வை மறுபடி முதலிலிருந்து செய்கிறோம். அதன் மாடியில் எத்தனை சூரியத் தகடு இருந்தாலும் இந்த நட்டம் ஈடாகாது.

நல்ல செய்தி ஒன்று உண்டு. கடலோரத்தில் கார்பனைக் குறைக்கும் சிமென்டுதான் உப்பையும் தடுக்கிறது. இரும்பாலைக் கசடு கலந்த சிமென்ட், அனல்மின் நிலையச் சாம்பல் கலந்த சிமென்ட் இரண்டுமே நன்றாகப் பதப்பட்டால் நுண்துளைகள் அடைபட்டுக் குளோரைடைத் தாமதப்படுத்துகின்றன. சாம்பல் கலந்த சிமென்டில் 35 சதவீதம் வரையும், கசடு சிமென்டில் 70 சதவீதம் வரையும் சூளையில் சுட்டெடுக்கும் கிளிங்கர் கட்டிக்குப் பதிலாக இவற்றைச் சேர்க்க இந்தியத் தரவிதி இடமளிக்கிறது. கூடுதலாக இப்போது எல்சி3 என்ற சிமென்ட் வந்திருக்கிறது: பாதி கிளிங்கர், மீதி பெரும்பாலும் சுட்ட களிமண்ணும் சுடாத சுண்ணாம்புக்கல் தூளும். கிளிங்கருக்குச் சூளை 1,450 டிகிரி வரை எரிய வேண்டும். களிமண்ணுக்கு 700, 800 டிகிரி போதும். சாதாரண சிமென்டோடு ஒப்பிட்டால் உமிழ்வு 30 முதல் 40 சதவீதம் குறைகிறது. சுவிட்சர்லாந்தின் லோசான் தொழில்நுட்ப நிறுவனத்தோடு சேர்ந்து இந்தச் சிமென்டை ஆய்ந்த நிறுவனங்களில் நம் சென்னை ஐஐடியும் ஒன்று. குளோரைடைத் தடுப்பதில் இது சாதாரண சிமென்டைவிடப் பல மடங்கு மேல் என்று சென்னையில் நடந்த சோதனைகள் காட்டின. 2023இல் ஐஎஸ் 18189 என்ற தரவிதியும் வந்துவிட்டது. இனி ‘புதுப்பொருள், விதி இல்லை’ என்று எந்தத் துறையும் தட்டிக்கழிக்க முடியாது.

ஒரு நிபந்தனை மட்டும் உண்டு. கலப்பு சிமென்ட் மெதுவாக இறுகும். குறைந்தது 10 நாளாவது, முடிந்தால் 14 நாள், நல்ல தண்ணீரில் ஈரம் காயாமல் வைத்திருக்க வேண்டும். மூன்றாம் நாளே சாக்கை உருவிவிடும் அவசரத்துக்கு இந்தச் சிமென்ட் ஒத்துவராது.

சூரியனும் கொண்டலும்

காரைக்கால் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே சுமார் 11 டிகிரியில் இருக்கிறது. ஏப்ரல் 18 வாக்கில் ஒருமுறை, ஆகஸ்ட் 24 வாக்கில் ஒருமுறை நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. இடைப்பட்ட நான்கு மாதமும் அது வடக்கே சாய்ந்து நிற்கும். மற்ற எட்டு மாதமும் தெற்கே. கட்டடக் கலைக்கு இதைவிட வசதியான செய்தி இல்லை. வடக்குச் சுவரிலும் தெற்குச் சுவரிலும் வெயில் உயரத்திலிருந்தே விழுவதால் சிறிய சன்ஷேடே அதைத் தடுத்துவிடும். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஐந்தடி உயர ஜன்னலுக்குத் தெற்கே மூன்றரை அடி சன்ஷேட் இருந்தால் டிசம்பர் நண்பகல் வெயில்கூட உள்ளே வராது. வடக்கே ஒன்றேகால் அடி நீட்டினால் ஜூன் நண்பகலுக்குப் போதும்.

கிழக்கும் மேற்கும் அப்படியல்ல. காலை எட்டு மணி வெயில் தாழ்வாக நுழைகிறது. எந்த சன்ஷேடும் அதை நிறுத்தாது. நம் கரையில் கடல் இருப்பதோ கிழக்கே. கடலைப் பார்க்க ஆசைப்பட்டுக் கிழக்கு முகம் முழுக்கக் கண்ணாடி வைப்பவர், அலுவலகம் திறக்கும் நேரத்திலேயே அறையை அடுப்பாக்கிவிட்டு, பிறகு அந்தச் சூட்டை வெளியேற்ற நாள் முழுதும் ஏசி ஓட்டுகிறார். கடல் எங்கும் போய்விடாது. அதைக் கூடத்து முனையிலிருந்து, தாழ்வாரத்திலிருந்து பார்த்துக்கொள்ளலாம். வேலை செய்யும் மேசைகள் வடக்கும் தெற்கும் பார்த்த ஜன்னல்களை ஒட்டி இருக்கட்டும். ஆக, கட்டடத்தின் நீளம் கிழக்கு மேற்காக ஓட வேண்டும். குறுகிய முனை கடலைப் பார்க்க வேண்டும். அந்த முனையில் கண்ணாடிக்குப் பதிலாகத் திறந்து மூடும் செங்குத்துப் பலகைகள்.

காற்றைப் பற்றி இந்த ஊரில் பாடம் எடுக்க வெளியிலிருந்து யாரும் வர வேண்டாம். வாடை எப்போது மாறும், கிழக்கிலிருந்து கொண்டல் எப்போது எழும், சோழகம் எத்தனை நாள் நிற்கும், மேற்கிலிருந்து கச்சான் அடிக்கும் மாதத்தில் கடற்காற்று பிற்பகல் வரை கரையேறாமல் தவிப்பது ஏன் என்று கிளிஞ்சல்மேட்டுப் பெரியவர்கள் சொல்வதைக் கட்டடக் கலைஞர் ஒருநாள் உட்கார்ந்து கேட்டால் போதும், வரைபடம் மாறிவிடும். அறையின் அகலம் அதன் உயரத்தைப் போல ஐந்து மடங்குக்குள் இருந்தால்தான் ஒரு பக்கத்து ஜன்னலில் நுழைந்த காற்று மறுபக்கம் வெளியேறும் என்பது துறையின் பொது விதி. பத்தடி உயர அறைக்கு ஐம்பதடி. அதற்கு மேல் அகலமாகக் கட்டிய அலுவலகத்தின் நடுப்பகுதிக்கு வெளிச்சமும் இல்லை, காற்றும் இல்லை; ஆயுள் முழுதும் மின்சாரம்தான்.

இந்தக் கரையின் வெக்கையில் ஏசி இல்லாமல் வேலை செய்ய முடியுமா என்ற கேள்வி நியாயமானது. அகமதாபாதின் செப்ட் பல்கலைக்கழகம், சென்னை உட்பட ஐந்து நகரங்களின் அலுவலகங்களில் ஆய்வு நடத்தி, இந்தியர்களுக்கான வெப்பச் சௌகரிய அளவை 2014இல் வெளியிட்டது. ஜன்னல் திறக்கக்கூடிய, மின்விசிறி உள்ள அலுவலகங்களில் இருப்பவர்கள், குளிர்நாடுகளின் அளவுகோல் சொல்வதைவிட உயர்ந்த வெப்பநிலையிலும் சௌகரியமாகவே இருக்கிறார்கள் என்பது அதன் சாரம். 2016 தேசியக் கட்டட விதித்தொகுப்பிலும் இது இடம்பெற்றுவிட்டது. சித்திரை, வைகாசியின் புழுங்கும் பிற்பகல்களுக்கும் கணினி அறைக்கும் கூட்ட அறைக்கும் ஏசி இருக்கட்டும். கட்டடம் முழுவதையும் ஆண்டு முழுவதும் குளிர்விக்கும்படி மூடிக் கட்டுவதைத்தான் எதிர்க்கிறேன். உப்புக்காற்றில் ஏசியின் வெளிப்பெட்டி சீக்கிரமே அரித்துப்போகும். அதிலிருந்து கசியும் குளிர்பதன வாயுக்களில் ஒன்றான ஆர்-410ஏ, கார்பன் டை ஆக்ஸைடைப் போல் சுமார் 2,000 மடங்கு வெப்பமூட்டக் கூடியது. மின்கட்டணத்தில் வராத செலவு அது.

எண்ணிக்கையிலேயே பார்ப்போம். பிஇஇ எனப்படும் எரிசக்தித் திறன் அமைப்பு, வெக்கை மிகுந்த கடலோர மண்டலத்தில் பெரும்பகுதிக்கு ஏசி வைத்த அலுவலகங்களுக்கு நட்சத்திரம் தரும்போது, சதுர மீட்டருக்கு ஆண்டுக்கு 200 யூனிட் வரை செலவழித்தாலும் ஒரு நட்சத்திரம் தருகிறது. பாதிக்கும் குறைவாக ஏசி உள்ள அலுவலகம் 45 யூனிட்டுக்குள் அடங்கினால் ஐந்து நட்சத்திரம். மூன்று தளத்தில் 1,000 சதுர மீட்டர் அலுவலகம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் மாடிப் பரப்பு 333 சதுர மீட்டர். 45 யூனிட் கணக்கில் ஆண்டுக்கு 45,000 யூனிட் வேண்டும். நம் வெயிலில் ஒரு கிலோவாட் சூரியத் தகடு ஆண்டுக்குச் சுமார் 1,450 யூனிட் தரும். 31 கிலோவாட் போதும். இடைவெளி விட்டுப் பொருத்தினாலும் 310 சதுர மீட்டரில் அடங்கிவிடும். அதாவது, அதன் மாடியே அதற்குச் சோறு போடும். 200 யூனிட் கணக்கில் அதே அலுவலகத்துக்கு 138 கிலோவாட் வேண்டும். மாடியைப் போல் நான்கு மடங்கு இடம். எங்கே போவது? சூரியத் தகடு பொருத்தும் முன்பே, வரைபட மேசையில் முடிவாகிவிடுகிற விஷயம் இது.

புதுச்சேரியிலேயே இருக்கும் பாடம்

இதற்கு ஐரோப்பாவைப் பார்க்கத் தேவையில்லை. புதுச்சேரியில், கடலிலிருந்து சிறிது தூரத்தில், ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டே விடுதி இருக்கிறது. அன்டோனின் ரேமண்ட் வடிவமைத்தது. ஜார்ஜ் நகாஷிமா அங்கேயே தங்கி வேலையை நடத்தினார். 1930களின் கடைசியில் தொடங்கி 1940களில் முடிந்தது. இந்தியாவின் ஆரம்பகால நவீன கான்கிரீட் கட்டடங்களில் ஒன்று. அதன் நீண்ட முகங்கள் வடக்கும் தெற்கும் பார்த்தவை. முகம் முழுவதும் சுவருக்குப் பதிலாகத் திறந்து மூடும் கிடைப்பலகைகள். அன்று ஆஸ்பெஸ்டாஸ் சிமென்டில் செய்தார்கள். இன்று அதே வேலையை வேறு பொருளில் செய்யலாம். அறைக்குள் பலகைத் தட்டிக் கதவுகள், மூடியிருந்தாலும் காற்று போகும். மொட்டைமாடிக்கு மேல் வளைந்த ஓடுகளால் இன்னொரு கூரை. இரண்டுக்கும் நடுவே காற்று. கிளிஞ்சல் சுண்ணாம்பால் இழைத்த உட்சுவர்கள். ஏசி இல்லாமல் 80 ஆண்டாக அதில் மக்கள் வசித்து வருகிறார்கள்.

அந்த இரண்டாவது கூரையைக் கொஞ்சம் யோசியுங்கள். உச்சி வெயிலில் கட்டடத்தின் சூட்டில் பெரும்பங்கு கூரை வழியாகவே இறங்குகிறது. இன்று நாம் சூரியத் தகடுகளை மாடியில் ஆள் உயரத்துக்குத் தூக்கி வைத்தால் அவையே அந்த இரண்டாவது கூரை. மின்சாரமும் கிடைக்கும், நிழலும் கிடைக்கும். ஆனால், அவற்றைத் தாங்கும் சட்டம் புயலுக்குக் கணக்கிடப்பட்டிருக்க வேண்டும். 2008இல் நிஷா காரைக்காலை ஒட்டித்தான் கரையேறியது. 2018இல் கஜா தெற்கே வேதாரண்யம் பக்கம் கரையேறி இந்தக் கரை முழுவதையும் உலுக்கியது. சாதாரண ஆணியும் போல்டும் போட்ட தகடுகள் அந்தக் காற்றில் பறக்கும்; பறக்காதவை உப்பில் இற்றுப்போகும்.

கிளிஞ்சல் சுண்ணாம்பைப் பற்றியும் உள்ளதைச் சொல்ல வேண்டும். காளவாயில் கிளிஞ்சலைச் சுடும்போதும் கார்பன் டை ஆக்ஸைடு வெளியேறத்தான் செய்கிறது. ஆனால், 900 டிகிரி சூடே போதும். சுவரில் பூசிய பிறகு காற்றிலிருந்து அதே வாயுவை மெல்ல உறிஞ்சித்தான் அது கல்லாகிறது. ஈரத்தை வெளியே விடும், உரிந்த இடத்தை மட்டும் சுரண்டிப் பூசலாம். மாடிக்கட்டடத்தின் தூணையும் உத்தரத்தையும் அது தாங்காது. பூச்சுக்கும் சாந்துக்கும் அதைவிட நல்ல பொருள் இந்தக் காற்றுக்கு இல்லை. உப்பங்கழிகளைத் தோண்டிக் கிளிஞ்சல் எடுப்பது மீன் குஞ்சுகளின் வீட்டை அழிப்பது என்பதால், அளவோடுதான் கேட்க வேண்டும். ஆரோவில் மண் நிறுவனம் வளர்த்தெடுத்த அழுத்த மண்கற்கள் அங்குள்ள செம்மண்ணுக்கு ஏற்றவை. டெல்டாவின் களிமண் காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். இங்கே அந்தக் கல்லை அப்படியே எடுத்துவர முடியாது. நெய்வேலிச் சாம்பலில் செய்யும் கற்கள் இங்கே பொருத்தமானவை. ஓரிடத்துப் பசுமையை இன்னோர் இடத்தில் நகலெடுப்பதும் ஒரு வகை வீண் செலவுதான்.

டெல்லி ஜோர்பாகில் 2014 பிப்ரவரியில் திறக்கப்பட்ட இந்திரா பர்யாவரண் பவனுக்கும் இதைச் சொல்ல வேண்டும். மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் அலுவலகம். 930 கிலோவாட் சூரியத் தகடுகளோடு, தனக்கு வேண்டிய மின்சாரத்தைத் தானே உண்டாக்கிக்கொள்ளும் நோக்கில் மத்தியப் பொதுப்பணித் துறையே கட்டியது. நமது அரசுப் பொறியாளர்களால் முடியும் என்பதற்கு அது சான்று. கட்டடத்தைத் திசை பார்த்து நிறுத்தியது, நிழல் தந்தது, பகல் வெளிச்சத்தைப் பெரும்பகுதிக்குக் கொண்டுவந்தது என்று தேவையை முதலில் குறைத்த பிறகே அங்கே சூரியத் தகட்டுக்குப் போனார்கள். நாம் கற்க வேண்டியது அந்த வரிசையை. அங்கே கூரையில் ஓடும் குளிர்நீர்க் குழாய் முறையை அப்படியே காரைக்காலுக்குக் கொண்டுவந்தால், நம் ஈரக்காற்று அந்தக் குழாய்களில் வியர்த்து மேசையில் சொட்டும்.

கிண்டியில் 1958இல் அமைந்த தொழிற்பேட்டை பிறகு அலுவலகப் பகுதியாக மாறியதையும், அங்கே எழுந்த ஒலிம்பியா தொழில்நுட்பப் பூங்கா லீட் என்ற பசுமைக் கட்டடத் தரத்தில் தங்கச் சான்று பெற்றதையும் தமிழ்நாடு கண்டிருக்கிறது. சான்றிதழ்கள் பொதுவாகக் கட்டடம் திறக்கும் வேளையில் வழங்கப்படுகின்றன. அதற்குப் பிறகு ஆண்டுக்காண்டு எவ்வளவு மின்சாரம் செலவாகிறது என்பதைப் பொதுவில் வெளியிடும் அலுவலகங்கள் நம்மிடம் மிகக் குறைவு. அரசு அலுவலகமாவது தன் மின்கணக்கை வாசலில் எழுதி வைக்கட்டும்.

பழைய துறைமுகப் பகுதியைப் புதுப்பிப்பதற்கு உலகம் மேற்கோள் காட்டும் இடம் ஜெர்மனியின் ஹாம்பர்க். அங்கே ஹாஃபென்சிட்டி என்ற 157 ஹெக்டேர் பகுதியில், வெள்ளம் வந்தாலும் அலுவலகம் இயங்க வேண்டும் என்பதற்காகக் கட்டடங்களைக் கடல்மட்டத்துக்கு மேல் எட்டொன்பது மீட்டர் உயர்ந்த மேடுகளில் நிறுத்தினார்கள். நமக்கு அவ்வளவு மேடு கட்டுவது மண்ணுக்கே கேடு. தரைத்தளத்தைத் தூண்களில் திறந்துவிட்டு, வலை பின்னவும் மீன்கூடை இறக்கவும் நிழலுள்ள இடமாக்கி, கோப்புகளையும் மின்பலகையையும் ஜெனரேட்டரையும் மேலே ஏற்றினால் போதும். 2004இல் தண்ணீர் புகுந்த ஊருக்கு இது ஆடம்பரம் அல்ல.

புதுச்சேரி மேரி கட்டடத்தின் கதையையும் மறக்கக் கூடாது. பிரெஞ்சுக்காரர்கள் கட்டிய அந்த நகராட்சி அலுவலகம் 2014 நவம்பர் 29 அன்று மழையில் இடிந்து விழுந்தது. சுமார் 15 கோடி ரூபாயில் அதே தோற்றத்தில் திரும்பக் கட்டி 2021 பிப்ரவரியில் திறந்தார்கள். அழகாகவே இருக்கிறது. ஆனால், ஆண்டுதோறும் கூரையில் செடி முளைக்காமல் பார்த்துக்கொள்ளவும் சுண்ணாம்பு பூசவும் ஆகும் செலவு 15 கோடியில் எத்தனை பங்கு என்று யாராவது கணக்கிட்டால் நல்லது. காரைக்காலில் இன்று நிற்கும் பழைய அலுவலகக் கட்டடங்களில் எவை எவற்றைச் செப்பனிட்டே பயன்படுத்த முடியும் என்று பார்த்த பிறகுதான் புதியதற்கு அடிக்கல் நாட்ட வேண்டும். கட்டாத கட்டடத்துக்கு உமிழ்வே இல்லை.

சட்டத்தின் ஓட்டை

எரிசக்திச் சேமிப்புக் கட்டட விதி 100 கிலோவாட் இணைப்புப் பளு அல்லது 120 கேவிஏ ஒப்பந்த மின்தேவையும் அதற்கு மேலும் உள்ள கட்டடங்களுக்குத்தான் பொருந்துகிறது. காரைக்கால் போன்ற சிறு ஊரின் அலுவலகங்களில் பெரும்பாலானவை இந்த வரம்புக்குக் கீழே நின்றுவிடும். பெருநகரத்துக்காக எழுதிய விதி, சிறு ஊரைக் கண்டுகொள்ளாமல் போகிறது. 2022 சட்டத் திருத்தம் மாநிலங்கள் இந்த வரம்பைக் குறைத்துக்கொள்ள வழிவிட்டிருக்கிறது. புதுச்சேரி அரசு குறைந்தபட்சம் தன் சொந்தக் கட்டடங்களுக்காவது அதைக் குறைக்கலாம். பெரிய செலவில்லாத முடிவு.

அதைவிடப் பெரிய தடை ஒப்பந்தப்புள்ளியில் இருக்கிறது. விலை விகித அட்டவணையில் இல்லாத பொருளை மதிப்பீட்டில் எழுத எந்தப் பொறியாளரும் தயங்குவார். நாளை தணிக்கையில் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான். குறைந்த விலை கேட்டவருக்கே வேலை என்பதால், 45 மில்லிமீட்டர் கவரும் 14 நாள் தண்ணீரும் முதலில் பலியாகின்றன. ஒப்பந்ததாரரைத் திட்டிப் பயனில்லை. அவர் எதற்குப் பணம் பெறுகிறாரோ அதைச் செய்கிறார். விலையை இன்றைய கட்டுமானச் செலவில் மட்டும் பார்க்காமல் 50 ஆண்டுப் பராமரிப்பையும் மின்கட்டணத்தையும் சேர்த்துப் பார்க்கும்படி ஒப்பந்தப்புள்ளியையே மாற்றி எழுத வேண்டும்.

சரிபார்க்க ஆளில்லை என்றும் சொல்ல முடியாது. திருவேட்டக்குடியில் தேசியத் தொழில்நுட்பக் கழகம் இருக்கிறது. அதில் கட்டுமானப் பொறியியல் துறையும் இருக்கிறது. கான்கிரீட் இறுகிய பிறகும் உள்ளே கம்பி எத்தனை மில்லிமீட்டர் ஆழத்தில் இருக்கிறது என்று வெளியிலிருந்தே அளக்கும் கருவி உண்டு. துறைமுகப் பகுதியில் எழும் ஒவ்வோர் அரசுக் கட்டடத்தையும் அந்தக் கழகம் அளந்து, முடிவை வெளியிட்ட பிறகே கடைசித் தவணைப் பணம் தரப்பட வேண்டும். மாணவர்களுக்கும் அது பாடம்.

புதுச்சேரி பொதுப்பணித் துறைக்கும் மீன்வளத் துறைக்கும் என் வேண்டுகோள் இதுதான்: துறைமுகத்தைச் சுற்றி வரும் ஒவ்வொரு கட்டடத்தின் ஒப்பந்தப்புள்ளியிலும் கலப்பு சிமென்ட், கவர் அளவு, நல்ல தண்ணீர், திசை, நிழல், சதுர மீட்டருக்கு 45 யூனிட் என்ற உச்சவரம்பு ஆகியவற்றை நிபந்தனையாக எழுதுங்கள். கிளிஞ்சல்மேடு, காரைக்கால்மேடு பஞ்சாயத்தாருக்கும் ஒரு வார்த்தை. உங்கள் கரையில் அடிக்கல் நாட்டு விழாவுக்கு அழைப்பு வரும்போது, மாலையோடு வரைபடத்தையும் கேட்டு வாங்குங்கள். கொண்டல் எந்த ஜன்னல் வழியாக உள்ளே வரும் என்று கேளுங்கள். கான்கிரீட் கொட்டும் நாளில் ஊர்ப்பிள்ளைகள் இருவர் அளவுகோலோடு போய்க் கம்பிக்கு அடியில் எத்தனை மில்லிமீட்டர் இருக்கிறது என்று பார்க்கட்டும். 45க்குக் குறைந்தால் வேலையை நிறுத்தச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு; அந்தக் கட்டடத்துக்குள் ஐம்பது ஆண்டு போய்வரப் போகிறவர்கள் நீங்கள்தான்.